நான் ஏற்றிச் சென்ற வாக்குகள்

எங்கள் தொகுதியில் எந்தக் கட்சி வெல்லும் என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. நான் கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கட்சிதான். வீடு கூட்டுகிற ஒரு தும்புத்தடிக்கு அந்தக் கட்சியின் நிறத்தைப் பூசி நிறுத்தினாலும் அது நாடாளுமன்றம் போய்ச் சேரும். அந்தத் தும்புத்தடி யார் என்று தீர்மானிக்கத்தான் முன்கூட்டியே ஒரு கூட்டம் நடக்கும். நொமினேசன் கூட்டம். கட்சியில் உறுப்பினராகப் பதிந்தவர்கள் மட்டும் ஒரு மண்டபத்தில் கூடி, யாரை வேட்பாளராக்குவது என்று வாக்குப் போடுவார்கள். பிறகு வருகிற நாட்டுத் தேர்தல், தாலி கட்டி முடிந்த பிறகு நடக்கிற பந்திதான்.

பிக்கரிங்கில் என்னோடு வெயர்ஹவுசில் வேலை செய்யும் ஒருவர் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தவர். அவருடைய நாட்டில் அவருக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஒரே கட்சிதான் ஆள்கிறதாம். மற்றக் கட்சிகளும் உண்டு, வாக்குச்சீட்டில் அவற்றின் பெயரும் உண்டு. சனம் வெயிலில் வரிசையில் நின்று விரலில் மை பூசிக்கொண்டு வருமாம். வெளிநாட்டுக்காரர் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். ஆனால் யார் வெல்வது என்பதைக் கட்சிக் கிளைக் கூட்டத்தில் எப்போதோ முடித்திருப்பார்களாம். சனத்துக்கு அந்தக் கட்சியில் அவ்வளவு ஆசையா என்று கேட்டேன். ஆசை கொஞ்சம், வெளியே நின்றுவிடுவோமோ என்ற பயம்தான் கூட என்றார். உரம் வந்தாலும் வேலை வந்தாலும் உள்ளே நிற்பவனுக்குத்தான் முதலில் வருமாம். நல்ல நாடுதான் என்று நக்கல் அடித்தேன். என்னுடைய வாய் அப்படி.

போன முறை எங்கள் தொகுதியில் எம்.பி.யாக இருந்தவர் விலக, அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் வீடு விற்கும் பெரிய புள்ளி. மற்றது, எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை. சட்ட உதவி நிலையம் ஒன்றில் வேலை. என் மனைவி பக்டரியில் விழுந்து இடுப்பை முறித்தபோது நட்டஈடு இல்லை என்று கடிதம் வந்தது. அப்போது அந்தப் பிள்ளை நாலைந்து சனிக்கிழமை எங்கள் குசினி மேசையில் குந்தியிருந்து மனு எழுதித்தந்தது. வழக்கு வென்ற பிறகு ஒரு சீலை வாங்கிக் கொடுத்தோம். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அதே மேசையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டுதான் என்னிடம் கேட்டது. "அண்ணை, உங்கட முதியோர் சங்கத்து ஆக்களை நம்பித்தான் இறங்குறன். கூட்டத்துக்கு ஏத்திக்கொண்டு வருவியளே?"

"ஓம் பிள்ளை, ஓம். உதைக் கேக்கவும் வேணுமே?" என்றேன். சங்கத்து வானை ஓட்டுகிறவன் நான்தான்.

இரண்டு நாள் போகவில்லை, சங்கத் தலைவர் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தார். "அவள் கெட்டிக்காரிதான், ஆரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வெல்லப்போறது அவர். நாங்கள் மற்றப் பக்கம் நிண்டால் பிறகு ஆர் எங்களைத் திரும்பிப் பாக்கப்போகினம்? சங்கத்துக்கு ஒரு அறை கேட்டுத் திரியிறம், தெரியும்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன். ஒரே கிழமையில் இரண்டு பேருக்கு ஓம் சொன்ன வாய் இது. எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அதை மரியாதை என்று வேறு சொல்லிக்கொள்வோம். அறைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பொய். வெல்லுகிறவரின் வெற்றிப் படத்தில் ஒரு ஓரமாக நானும் நிற்க ஆசைப்பட்டேன்.

கூட்டத்தன்று மனைவி விடிய வெள்ளனவே அந்தப் பிள்ளையோடு போய்விட்டாள், வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்க. என்னைப்போலவே கட்சியில் பதிந்திருந்த பதினாலு முதியவர்களை நான் வானில் ஏற்றினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தலைவர் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் தந்திருந்தார். அவருடைய ஆளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வாக்குச்சீட்டில் அதே எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேரே அடையாளம் போட்டால் சரி. எப்போதும் முன் சீற்றில் ஏறுகிற அன்ரி ஒருவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்கட பிள்ளையின்ர பேர்தானே?"

"இல்லை அன்ரி. மற்றவரின்ர. சங்கம் முடிவெடுத்திட்டுது."

"அப்ப அந்தப் பிள்ளை?"

நான் லைற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பச்சையாகிக் கனநேரம்.

மண்டப வாசலில் எங்கள் வானைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. பனியில் வழுக்கும் என்று ஓடிவந்து, அன்ரியின் கையைப் பிடித்து இறக்கியது. அந்தக் கைக்குள்தான் துண்டு இருந்தது. அன்ரி கையை இறுகப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போதுகூட, "அன்ரி, உங்கட விருப்பப்படி போடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினாலு பேரும் கேட்டிருப்பார்கள். நான் வானைப் பார்க் பண்ணப் போனேன்.

என்னுடைய ஒரு வாக்கை அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பதினாலைப் பறித்துவிட்டு ஒன்றைக் கொடுத்து, என் மனச்சாட்சிக்கு இனிப்பு ரொபி கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை தோற்றது. எத்தனை வாக்கால் என்று மேடையில் வாசித்தார்கள். அந்த வித்தியாசம், என் வானில் வந்தவர்களில் பாதிகூட இல்லை. திரும்பி வரும்போது அன்ரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீர் சொன்னபடியே போட்டிட்டன் தம்பி." அதன் பிறகு அவர் முன் சீற்றில் ஏறுவதில்லை.

நாட்டுத் தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்க, வாசல் மணி அடித்தது. அந்தப் பிள்ளைதான், கையில் கட்சியின் வாக்காளர் பட்டியலோடு. தன்னைத் தோற்கடித்தவருக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டு வந்திருந்தது. அதுவும் கட்சிக்கு உள்ளேதான் நிற்கவேண்டும், என்ன செய்வது. மனைவி இழுத்துக்கொண்டு போய் அதே மேசையில் இருத்தினாள்.

"இவர் என்ன பாடுபட்டவர், உமக்காக," என்றாள் மனைவி. "ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் நிண்டு ஏத்திக்கொண்டு வந்தவர்."

"தெரியும் அக்கா. வானைக் கண்டவுடன எனக்கு உயிர் வந்தது," என்றது பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பியது. "அண்ணை, வேற ஆக்கள் கவிட்டுப்போட்டினம். உங்கட வானில வந்த ஒவ்வொருத்தரும் எனக்குத்தான் போட்டவை. அது எனக்கு வடிவாத் தெரியும். அடுத்த முறையும் உங்களை நம்பித்தான் இறங்குவன். வருவியள்தானே?"

மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன்.