மணியில் இருந்த எண்

இது எனக்கு நடந்தது. போன மாதம், பட்டப்பகலில். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் இருப்பது ஒரு காற்று சிலிண்டர். அப்புறம் என் அக்காள் புருஷன்.

முதலில் மச்சானைப் பற்றி. நீருக்கடியில் இருக்கும் குகைகளுக்குள் ஆட்களைக் கூட்டிப்போவது அவர் தொழில். டைவிங் கடை அவருடையது. கடைச் சுவர் முழுக்க அவர் போட்டோதான். குகையையே இவர் குடைந்த மாதிரி எல்லாவற்றிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். வாசலில் ஒரு மணி தொங்குகிறது. பழைய சிலிண்டரைக் குறுக்கே அறுத்து, மேல் பாதியில் செய்தது. உள்ளே வரும்போதெல்லாம் அதை ஓங்கித் தட்டுவார். ராஜா வருகிறாராம்.

குகைக்குள் போகிறவன் முதுகில் இருக்கும் காற்றை மட்டும் நம்பிப் போகமாட்டான். விலாப் பக்கம் இன்னொரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு போய், பாதி தூரத்தில், குகை வாயிலிலிருந்து இழுத்துக் கட்டிய வழிக்கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு மேற்கொண்டு போவான். திரும்பி வர அதுதான் உயிர். அதைக் கட்டுவதில் ஒரு சட்டம் உண்டு. கொக்கியை சிலிண்டரின் இரும்புப் பட்டையில் நேராக முடுக்கக் கூடாது. நடுவில் கயிறு வேண்டும். கொக்கி சிக்கினால் கயிற்றைக் கத்தியால் அறுத்துக்கொண்டு போகலாம். இரும்பை எதை வைத்து அறுப்பது?

அன்று காலை கடையில் நான் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கொக்கியைப் பட்டையோடு திருகிக்கொண்டிருந்தார்.

“மச்சான், கயிறு போடுங்க.”

“கதைப் புஸ்தகம் படிக்கிற பய எனக்குச் சொல்லித்தர்றியா? இருபது வருஷமா இறங்குறேன் மாப்ள.”

காற்று நிரப்பும் கம்ப்ரெசர்காரர் தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தார். மச்சானோடு அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

2:10. இருவரும் தண்ணீரில் இறங்கினோம். பாதி வழியில் சிலிண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். மச்சானுடையது முதலில். ஒரு சாண் தள்ளி என்னுடையது.

2:48. திரும்புகிறோம். முன்னால் போன மச்சானின் கால் துடுப்பு தரையை உதைத்தது. இருபது வருஷம்! முதல் நாள் வந்தவன்கூட அப்படி உதைக்கமாட்டான். சேறு கிளம்பியது. விளக்கு எரிந்தது, ஆனால் என் கையே எனக்குத் தெரியவில்லை. வழிக்கயிறு கைநழுவிப் போனது.

அதைத் தேடிப் பிடிக்கப் பதினைந்து நிமிஷம்.

கடிகாரத்தை முகமூடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். 3:06. சிலிண்டர் தொங்கிய இடத்துக்கு வந்துவிட்டேன். முதுகுக் காற்றை இழுக்கவே முடியவில்லை. தீரப்போகிறது.

தடவினேன். இரும்புப் பட்டை. மச்சானுடையது. அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் அவரும் இன்னும் வெளியே போகவில்லை.

ஒரு சாண் தள்ளித் தடவினேன்.

வெறும் வழிக்கயிறு.

மறுபடியும் தடவினேன். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். வெறும் கயிறுதான்...

மூன்றாவது முறை, அதே இடத்தில், கையில் இடித்தது.

சிலிண்டர். கயிறு இருந்தது. முடிச்சும் இருந்தது. மூச்சுக் குழாயை சிலிண்டரோடு சேர்த்துப் பிடித்திருந்த ரப்பர் மட்டும் வேறு. நான் போட்டது துணி சுற்றிய எலாஸ்டிக். இது சைக்கிள் டியூப். காற்றடிக்கும் மூக்குகூட விரலில் தட்டியது.

யோசிக்க நேரமில்லை. வால்வைத் திருகினேன். எண்ணெய் போட்டது போல் திறந்தது. மூச்சு வந்தது. நாக்கில் துரு ருசி.

யாரோ என் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார்கள். இருட்டில் அதற்கு ‘போ’ என்று அர்த்தம்.

மச்சான்தான் என்று நினைத்தேன்.

போனேன்.

கை தோளிலேயே இருந்தது.

மச்சான் கையுறை போட்டிருந்தார்... இந்தக் கையில் உறை இல்லை.

பின்னால் குமிழிச் சத்தமும் இல்லை. என் குமிழிகள் மட்டும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் தெரிந்தது. கை விலகியது.

3:31. மேலே வந்தேன். பாறைமேல் மச்சான் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தலைகூடக் காய்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு சிலிண்டர். என் முடிச்சு. என் எலாஸ்டிக்.

“கொக்கி சிக்கிருச்சு மாப்ள. அவசரத்துல மாறிப்போச்சு. அதான் நீ வந்துட்டியே!”

டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார். அப்புறம்தான் என் விலாவில் தொங்கியதைப் பார்த்தார். டம்ளர் பாறையில் உருண்டது. அவர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கடைக்குக்கூட வராமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். வீரர்.

கடையில் கம்ப்ரெசர்காரர் அந்த சிலிண்டரை மேசையில் கிடத்தி வால்வைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பானர் போட்டார். அசையவில்லை.

“துரு ஏறி இறுகிக் கெடக்கு தம்பி. இது தொறந்து வருஷக்கணக்காச்சு.”

“இதுலதான் நான் மூச்சு விட்டுட்டு வந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் டியூபைத் தொட்டுப் பார்த்தார்.

“டியூப்காரன் கட்டு. குழாயை சைக்கிள் டியூப்லதான் கட்டுவான், எல்லாரும் கேலி பண்ணுவாங்க. பதினோரு வருஷம் முன்னாடி உங்க மச்சானோட எறங்குனான். இவரு மட்டும் ஏறி வந்தாரு. கையில அவனோட சிலிண்டர்.”

“கேக்கலையா?”

“கேட்டேன். அவசரத்துல மாறிப்போச்சுன்னாரு.”

“அந்த சிலிண்டர்தானா இது?”

“இருக்க முடியாது.”

“ஏன்?”

அவர் கம்பி பிரஷ்ஷால் கழுத்துக்குக் கீழே தேய்த்தார். சிலிண்டருக்கு சிலிண்டர் வேறாக இரும்பில் அடிக்கும் எண், இலக்கம் இலக்கமாக மேலே வந்தது. ஆறு இலக்கம். கடைசி ஏழு சாய்ந்திருந்தது.

பிரஷ் நின்றது.

“அதை என் கையாலதான தம்பி ரெண்டா அறுத்தேன்...”

வாசலைப் பார்த்தார்.

நான் போய் மணியைச் சாய்த்துப் பார்த்தேன்.

அதே ஆறு இலக்கம். அதே சாய்ந்த ஏழு.

பதினோரு வருஷமாக அதைத் தட்டிவிட்டுத்தான் மச்சான் உள்ளே வருகிறார்.