ஒரு வீட்டில் இரண்டு திண்ணனூர்க்காரிகள்

பத்திரிகை வேலையில் சேருவதற்கு முன்பெல்லாம், முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலை ஏறி மிளகு வாங்கிவருவது என் வேலை. மேலே எடப்புளி நாட்டில் ஒரு குடியானவர் வீட்டில் தங்குவேன். மலையில் நாடு என்றால் சில சிற்றூர்கள் சேர்ந்த வட்டாரம். ஆண்கள் எல்லோரும் கவுண்டர்கள். சந்தையில் 'கவுண்டரே' என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். ஆளை அடையாளம் சொல்ல நாட்டின் பெயர்தான் உதவும்.

அந்த வீட்டு மூத்த மருமகள் திண்ணனூர் நாட்டில் பிறந்தவள். மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை எல்லோருக்கும் அவள் 'திண்ணனூர்க்காரி'. ஒரு தை மாதம் இளைய மகனுக்கும் பெண் எடுத்தார்கள். அவளும் திண்ணனூர் நாடு.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு நாள், சிக்கல் அடுப்பில் தொடங்கியது. வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டே மாமியார், "திண்ணனூர்க்காரி, சோத்த எறக்கு!" என்று குரல் கொடுத்தார். கூப்பிட்டது மற்றவளை என்று இருவருமே இருந்துவிட்டார்கள். சாமைச் சோறு கருகியது.

"ரெண்டு பேரு இருந்தும் கருகுன சோறுதான் எனக்கு. இனிமே நீ பெரியவ, அவ சின்னவ."

மூத்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "பெரியவன்னா கெழவீன்னு நெனப்பாங்க. பொறந்த ஊட்டுல இருந்து நாங் கொண்டாந்தது அந்தப் பேரு ஒண்ணுதானுங்க அத்தை. உட்டுக் குடுக்க மாட்டேன்."

"ஒரு கெடேரிக் கன்னும் ஓட்டியாந்தியே?"

"அது செத்து எத்தன நாளாச்சுங்க!"

புதியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்காவே வெச்சுக்கட்டுங்க அத்தை. எனக்கு எதுன்னாலும் சரி."

"அப்ப நீ எடப்புளிக்காரி. இங்கதான இருக்கப் போற," என்றார் மாமியார்.

வென்றுவிட்ட மிதப்போடு மூத்தவள் மறுபடி கூட்டத் தொடங்கினாள். பாதி வாசலில் கை நின்றது.

"ஏனுங்க அத்தை, இத்தன வருசம் இங்க பொழைச்ச நான் அசலூர்க்காரி. நேத்து வந்தவ எடப்புளிக்காரியா? முள்ளுக்குறிச்சியாரே, நீங்களே சொல்லுங்க, இது நாயமா?"

எனக்கும் அங்கே அதுதான் பெயர். நான் குனிந்து மிளகைப் பார்த்தேன்.

"அப்பப் பேர மாத்திக்கலாமாக்கா?" என்றாள் இளையவள். மூத்தவள் மீதி வாசலை வேகவேகமாகக் கூட்டினாள்.

அடுத்த முறை நான் போனபோது, மாமியார் உள்ளேயிருந்து "எடப்புளிக்காரி!" என்று இளையவளைக் கூப்பிட்டார். இருவரும் போய் நின்றார்கள்.

"உன்னைய யாரு கூப்பிட்டா? நீ திண்ணனூர்க்காரிதான?" என்றார் மூத்தவளிடம்.

"அது நான் பொறந்த ஊருங்க. இது என்ற ஊடு. எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் வருவேன்."

"வா, வா. சோறாச்சும் கருகாம இருக்கும்."