விழ வந்தவனுக்கு ஒரு சட்டி மீன்குழம்பு

தோற்பதற்கென்றே ஆள் இறக்குவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கனடாவில், மொன்றியலில், ஆள் ஏற்றி இறக்கும் வான் ஓடிப் பிழைக்கிறவள் நான். குத்துச்சண்டை ஒழுங்குசெய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்தார்.

"அக்கா, மெக்சிகோவில இருந்து ஒருத்தன் வாறான், எங்கட பொடியனோட அடிபட. ஏர்போட்டில ஏத்திக்கொண்டு வாங்கோ. ஆள் கெதியா விழுந்திடுவான், ரெண்டு ரவுண்டுகூடத் தாங்கான்."

விழ வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே. புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். அவன் வானில் ஏறியதும் நீட்டினேன். வேண்டாம் என்றான். எங்கள் வீடுகளில் முதல் 'வேண்டாம்' செல்லாது. மூடியைத் திறந்து மறுபடி நீட்டினேன். அவன் ஜன்னலை இறக்கி, அந்தக் குளிருக்குள் தலையை வெளியே போட்டுக்கொண்டான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நாளைக்கு நிறுவை," என்றான் உடைந்த ஆங்கிலத்தில். எடை கூடிவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

மறுநாள் நிறுவை முடிந்ததும் அவனே கேட்டான், "மீன்?" முதல்நாள் குழம்பின் ருசி மறுநாள்தான் தெரியும். உறைப்புக்கு அவன் கண் கலங்கவே இல்லை. வழித்துச் சாப்பிட்டபடி கதை சொன்னான். பகலில் கல் அடுக்கி, மாலையில் பயிற்சி எடுத்து, சொந்த ஊரில் பட்டம் வென்றவன். ஊரே தோளில் தூக்கியதாம். வயது ஏறியபின், பிற ஊர்ப் பொடியன்கள் வெல்வதற்காக மட்டும் அழைக்கிறார்கள்.

"இந்த முறையும் சுருண்டு விழுந்தால் டாக்டர் லைசென்ஸை நிறுத்திவிடுவார். எனக்கு வேறு தொழிலில் மனமில்லை. தோற்பேன், விழ மாட்டேன்."

சண்டையன்று லாசால் பக்கத்து மண்டபத்தில் எங்கள் சனம் நிறைந்திருந்தது. எங்கள் பொடியன் நல்ல வேகம். மெக்சிகோக்காரனின் புருவம் கிழிந்தது. ஒருதரம் முழங்கால் மடிந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

"விழுந்திடாதையடா!" என்று எழும்பிக் கத்தினேன்.

முன்வரிசை முழுக்கத் திரும்பியது. "அக்கா, நீங்கள் ஆரின்ர பக்கம்?"

"என்ர குழம்பைச் சாப்பிட்டவன்ர பக்கம்."

கடைசி மணி அடித்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் பொடியனின் கையை நடுவர் உயர்த்தினார். தன் கையை மெக்சிகோக்காரன் தானே உயர்த்திக்கொண்டான். உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். எனக்கு வெட்கமே இல்லை.

வெளியே ஒழுங்குசெய்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். "அடுத்த மாசமும் ஒருத்தன் வாறான். இவனை மாதிரிக் கரைச்சல் குடுக்கமாட்டான். ஏத்துவியளோ?"

"ஓம், ஏத்துறன். அவனுக்கும் குழம்பு குடுப்பன்," என்றேன்.