பேட்டரி இழுத்த இருபத்திரண்டு மைல்

இதைச் சொன்னால் "குடித்திருந்தாயா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். வண்டி ஓட்டும் கையால் கள்ளைத் தொட்டவன் இல்லை நான். நடந்தது நடந்ததுதான். 1953, மார்கழி.

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் டிரைவர். என் மனைவி செல்லபாய் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நிமோனியாவோடு கிடந்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான்.

அதிகாலை 3.40. நாகர்கோவிலிலிருந்து மலைக்குப் போகிற லாரிக்காரர் ரசலையன் கதவைத் தட்டினார்.

"குமாரதாஸே, ஒனக்க பெண்டாட்டிக்குத் தீரெ வய்யலே மக்கா. விடியது வரெ தாங்காதுண்ணு நர்ஸம்மா சொல்லிவிட்டாவ."

எஸ்டேட் காரில் டைனமோ கருகி நான்கு நாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குளிர் பட்டால் பேட்டரி செத்துப்போகும் என்று தினமும் அதைக் கழற்றி, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் சூட்டுக்கு வைப்பேன். அன்றைக்குப் பார்த்துச் சோம்பல். வண்டியிலேயே விட்டுவிட்டேன். சூடாக இருந்தால் இருபத்தைந்து மைல் இழுக்கும். சில்லிட்டுப் போனால் பத்து மைல் தாண்டாது. ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு மைல்.

ஆபத்துக்குப் பாவமில்லை. முதலாளியிடம் கேட்கவில்லை. ஹாண்டில் அடித்துக் கிளப்பினேன். மணி 4.05.

ஒரே பனி. ரோட்டில் ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று தோன்றியது. அழுதுகொண்டே ஓட்டினேன்.

திருவட்டாறு தாண்டியதும் விளக்கு மங்கியது. இஞ்சின் இருமியது...

"இன்னும் கொஞ்சம் தா" என்றேன். பேட்டரியிடம்தான்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வேர்க்கிளம்பியில் மறுபடி மங்கல். மறுபடி கேட்டேன். மறுபடி வெளிச்சம். பேட்டரி இருந்தது இடப்பக்க சீட்டுக்கு அடியில். சீட்டில் கை வைத்தேன். ஆள் இப்போதுதான் எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்தது... மறைந்தது... படிந்தது...

மூச்சு விடுகிற கணக்கில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தக்கலை. வில்லுக்குறி. மங்கல்.

"கொஞ்சம் தா..."

தந்தது.

5.10. ஆஸ்பத்திரி வாசல். இஞ்சின் தானாக நின்றது.

ஓடினேன். செல்லபாய்க்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வந்தியளா?"

கையைப் பிடித்தேன். அவ்வளவு குளிர்ந்த கையை நான் தொட்டதே இல்லை. 5.20க்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவள் துணிமணிகளை வாங்கப் போனபோது, நர்ஸ் தேவகனி என்னை ஓரமாக அழைத்தார்.

"நாலு மணி வரெ காய்ச்சல் நெருப்பா கொதிச்சுது அண்ணே. அதுக்குப் பொறவு ஒடம்பு கொஞ்சங்கொஞ்சமா தணுத்துப்போச்சு. நாலு கம்பளி போட்டும் சூடு நிக்கல்ல. இடையிடையே கண்ணைத் தொறந்து 'எடுத்துக்கிடுங்க'ண்ணு சொன்னா. மூணு தடவை. யாருட்ட என்னத்த எடுத்துக்கிடச் சொன்னா?"

வழியில் நான் கேட்டதும் மூன்று தடவைதான்.