துருக்கிக்காரர்கள் கோத்துவிட்ட சுண்டுவிரல்

சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண் மைதானத்தில் ஆடினாள் என்பார்களோ என்று, இதை எழுத இத்தனை வருடம் தயங்கினேன். நேற்று பேத்தியின் போனில் துருக்கி மேளம் கேட்டதும் தயக்கம் போய்விட்டது.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் துருக்கி ஆட்டக்குழு வந்த அன்று காலைதான், அரை நெல்லிக்காய்க்காக என் ஒரே தோழி அமீனாவிடம் சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டிருந்தேன். இனி யாரோடு பேசுவேன் என்று தனியாக நின்றேன். மேளம் முழங்க, அவர்கள் வரிசையாகச் சுண்டுவிரல் கோத்து ஆடினார்கள். பிறகு எங்களையும் இழுத்தார்கள். ஆட்டக்கார அக்கா ஒருத்தி என் விரலை அமீனாவின் விரலில் மாட்டிவிட்டாள்.

“ஏளா, காய் விட்ட விரல்லா இது?” என்றாள் அமீனா.

“பேசாம ஆடுளா, கால மிதிக்காத!” என்றேன்.

ஆட்டம் முடிந்தும் விரலை விடவில்லை. எங்கள் சாமி காந்திமதி அம்மை புண்ணியத்தில் இன்றுவரை விடவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் சுண்டுவிரல் என்றே சொல்லுங்கள். கை கோத்தோம் என்று மாற்றிவிடாதீர்கள்.