உள்ளூர் முகவரிக்கு அறை இல்லை

ஊர் ஊராகப் போய், ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் இரத்தப் பரிசோதனை இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று பழக்கிக்கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீடு உண்டு. மாதத்தில் பாதி நாள் அது பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே, ஒரே பெயர்ப்பலகையோடு நாடு முழுக்கக் கடை விரித்திருக்கும் மலிவு ஓட்டல்களைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாக என்னைக் கேட்கலாம்.

என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அதே அறைதான். வெள்ளை விரிப்பு, அதன் கால்மாட்டில் குறுக்கே ஒரு கலர்த் துணிப் பட்டை. அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; நான் அதன்மேல் பெட்டியை வைப்பேன். கட்டைவிரல் பருமனில் ஒரு சோப்பு, முதல் குளியலிலேயே வழுக்கி ஓடிப்போய் மூலையில் ஒளிந்துகொள்ளும். ஏசி ரிமோட்டுக்குப் பின்மூடி இருக்காது, ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். நாற்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊரிலும் சுவரில் பனிமலைப் படம் தொங்கும். ஜன்னல் திறக்காது. காலைச் சாப்பாடு இலவசம் என்பார்கள். எட்டரை மணிக்குப் போனால் பூரி தீர்ந்து உப்புமா மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேஜை மேல் வெந்நீர் வைக்கிற கெட்டில் ஒன்று, பக்கத்தில் இரண்டு டீத்தூள் பொட்டலம். கெட்டிலை மட்டும் நான் தொட்டதே கிடையாது. எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் அதில் முட்டை அவித்த கதையை ஒரு தடவை பெருமையாகச் சொன்னார். அன்றிலிருந்து எந்தக் கெட்டிலைப் பார்த்தாலும் முட்டை ஞாபகம்தான்.

எதிர்பார்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. அங்கே யாரும் உங்களை எதுவும் கேட்கமாட்டார்கள். ஏன் இளைத்துவிட்டாய், ஏன் தனியாக வந்தாய், எப்போது கிளம்புகிறாய் என்றெல்லாம் கேட்க அங்கே யாருக்கும் அக்கறை கிடையாது. அது எனக்குப் பெரிய நிம்மதி. கடைசிக் கேள்வி இல்லாதது போன வருஷத்திலிருந்து இன்னும் கூடுதல் நிம்மதி.

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே அண்ணன் இறந்து முதல் தெவசம். பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்கு, நான் பிறந்த வீடும் அதுதான், நான்கு நாள் இருக்கலாம் என்று போயிருந்தேன். அண்ணன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் மதினி மட்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கல்யாணமாகி வந்தவள், எனக்குத் தலை பின்னிவிட்டவள். தெவசம் முடிந்த மறுநாள் காலை, காபித் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நீ எப்ப கிளம்புதே?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். நாமாகக் கிளம்பினாலும், இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று பொய்யாகவாவது தடுப்பார்கள். சாயந்திரமே கிளம்பிவிட்டேன். அவள் தடுக்கவில்லை. அண்ணன் போனதோடு பிறந்த வீடும் போயிற்று என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம் போனில் பேசுவோம், மழை பெய்ததா, கால்வலி எப்படி என்கிற அளவில்.

இந்த வருஷம் இரண்டாம் தெவசம். போகாமல் இருக்க முடியாது, போய்த் தங்கவும் மனசில்லை. நாகர்கோவில் வேலை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. அங்கிருந்து பாளையங்கோட்டை இரண்டு மணி நேரம்கூட இல்லை. நானோ, மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கி நேரே வீட்டுக்கு வருவதாகவும் சாயந்திரம் கிளம்பிவிடுவதாகவும் மதினிக்குப் போனில் சொல்லிவிட்டு, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நமக்குப் பழக்கமான அந்தப் பெயர்ப்பலகை ஓட்டலில் ஓர் அறை பதிவு செய்தேன். சொந்த ஊரில், சொந்த மதினிக்குத் தெரியாமல், லாட்ஜில் தங்குவது. வெளியே தெரிந்தால் தெரு சிரிக்கும். தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வரவேற்பு மேஜையில் ஆதார் அட்டையைக் கொடுத்தேன். அங்கே இருந்தவருக்கு என் வயசுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். காயல்பட்டினத்துக்காரர் என்றும், துபாய் ஓட்டல்களில் பதினெட்டு வருஷம் இருந்தவர் என்றும் பிறகு பேச்சில் தெரிந்தது. பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயர் எழுதினேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் அட்டையில் உள்ளதை எழுதினேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில் நாகர்கோவில். அடுத்தது போகுமிடம். அதற்குள் அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. உள்ளூர் அட்ரஸுக்கு நாங்க ரூம் குடுக்கது இல்ல. உங்க வீடு இங்கன பாளையங்கோட்டையிலதான இருக்கு?"

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இத்தனை வருஷமாக இந்த ஓட்டல்களின் விதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளூர் அடையாள அட்டை செல்லாது என்று ஆன்லைனில் பதிவு செய்யும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எப்போதும் இருப்பதுதான். நான் ஒரு நாளும் அதைப் பொருட்படுத்தியதில்லை, ஏனென்றால் எந்த ஊரிலும் நான் உள்ளூர்க்காரியாக இருந்ததில்லை. வாடகை வீடு நிலையில்லை என்று ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அண்ணன் வீட்டு முகவரியையே விட்டுவைத்திருந்தேன். வரும் தபாலை மதினி வாங்கி வைத்துப் போன் செய்வாள்.

ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். உள்ளூரில் வீடு இருக்கிறவர்கள் அறை எடுத்தால் ஏதாவது வம்பு இருக்கும் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள் என்றார். எனக்குப் புரிந்தது, புரிந்ததும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பாதித் தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, இரத்தம் பிடிக்கும் குழாய்களின் மாதிரிகளோடு வந்து நிற்கிற என்னிடம் என்ன வம்பைக் கண்டார்கள்? கம்பெனி அட்டையைக் காட்டினேன். அதில் வீட்டு முகவரி இல்லையே என்றார். குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை, துபாயில் பழகியது போலும். கடைசியில் மேலிடத்துக்குப் போன் போட்டுப் பேசினார். அட்டையில் உள்ள முகவரியில் இருப்பவர் யாராவது, இவர் எங்கள் ஆள்தான், இங்கே தங்குவது எங்களுக்குத் தெரியும் என்று சொன்னால் கொடுக்கலாம் என்று பதில் வந்தது.

வேறு லாட்ஜுக்குப் போயிருக்கலாம். அங்கேயும் இதே அட்டைதானே. வாசலில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அது திரும்பிப் போகிறவரை யோசித்தேன். மதினிக்குத் தெரியாமல் தங்க வேண்டுமென்றால் மதினியைத்தான் கேட்க வேண்டும். போன் போட்டேன். நான் ஊரில் இருக்கிறேன், ஓட்டலில் இருக்கிறேன், இப்படி ஒரு சிக்கல் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவள் எந்த ஓட்டல் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கால்வலியோடு நான்கு படி ஏற அவளுக்கு நேரமாயிற்று. நான் போய்க் கையைப் பிடிக்கவில்லை, எந்த முகத்தோடு பிடிப்பது? என்னைத் தாண்டி நேரே மேஜைக்குப் போனாள். சண்டை போட்டு வீட்டுக்கு இழுத்துப் போவாள் என்று பயந்தேன். உள்ளுக்குள் அப்படி நடக்கட்டும் என்றும் இருந்தது.

"அண்ணாச்சி, இவ எங்க வீட்டுப் பொண்ணுதான். ரூமைக் குடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்ட அறை கிடைத்துவிட்டது. ஆனால், வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அறையைப் பார்க்கிறேன் என்று கூடவே மேலே வந்தாள். அவள் ஓட்டல் அறைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. எல்லாம் இருந்தது: பனிமலை, துணிப் பட்டை, ரப்பர் பேண்டு போட்ட ரிமோட். அவள் விரிப்பைத் தடவிப் பார்த்தாள், ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் ஏசியைப் போட்டேன். அடைந்து கிடந்த அறையின் தூசி மூக்கில் ஏறி, இருமல் வந்தது.

அது எங்கள் வீட்டு இருமல். வறட்டு இருமல், மூன்று மூன்றாக வரும். அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. அண்ணன் முன்னறையில் இருமினால் அடுப்படியிலிருந்து மதினி, கைவேலையை நிறுத்தாமல், வெந்நி வேணுமா என்று கேட்பாள். அண்ணன் வேண்டாம் என்பார். முப்பத்தைந்து வருஷம் அவள் கேட்டாள், அவர் வேண்டாம் என்றார். ஒரு நாள்கூட வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இருமி முடித்து நிமிர்ந்தபோது மதினி பனிமலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் எப்ப கிளம்புதேன்னு கேட்டேன்லா, அதானட்டி?"

இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அவளுக்கும் அது தெரியும்.

"கிளம்பிப் போனாத் தேவலைன்னுதான் கேட்டேன். உள்ளதைச் சொல்லணும்லா. நீ முன்ரூம்ல இருந்து இருமுனே. நான் அடுப்படியில இருந்து வெந்நி வேணுமான்னு கேக்க வாயைத் தொறந்துட்டேன். அப்பதான் அவுஹ இல்லைங்கது எனக்கு உறைச்சுது. கருமாதி அன்னைக்குக்கூட அப்படி உறைக்கல. ராத்திரி பூரா நீ இருமுனே, நான் காதைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். விடிஞ்சதும் கேட்டுட்டேன்."

ஒரு வருஷமாக நான் எனக்குள்ளே அவளோடு போட்ட சண்டைகள் எத்தனை! அவள் பேசாத பேச்சை எல்லாம் அவள் வாயில் வைத்து, அதற்குப் பதிலும் நானே சொல்லி, நானே ஜெயித்திருந்தேன். அவளோ ஒரு சத்தத்துக்குப் பயந்து கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் இருமல் வந்தது. வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தேன். அவள் என் கையை இறக்கிவிட்டாள்.

"வெந்நி வேணுமா?"

"வேணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேஜையிலிருந்த கெட்டிலை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள். முட்டைக் கதையை நான் சொல்லவே இல்லை. பாத்ரூமுக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டைவிரல் சோப்பைப் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை கழுவினாள். ஸ்விட்ச் எங்கே என்று தெரியவில்லை, நான்தான் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் கொதித்து அது தானாக அணைந்ததும், பரவாயில்லையே என்றாள். காகிதக் கப்பில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன். சோப்பு வாசனை லேசாக இருந்தது, முழுக்கக் குடித்தேன்.

பிறகு அவள் என் பெட்டியை அந்தத் துணிப் பட்டையின் மேலிருந்து கீழே இறக்கி வைத்தாள். நாளைக்குப் படையலுக்கு வாழைக்காய் வாங்கவில்லை, போகிற வழியில் இறங்கி வாங்க வேண்டும் என்றாள். ராத்திரி இருமல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இருமு என்றாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகாமல் சாவி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்ததைக் கண்டு காயல்பட்டினத்துக்காரர் பதறிவிட்டார். ரூமில் ஏதும் குறையா என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை, கெட்டில் நன்றாகக் காய்கிறது என்று மதினி சொன்னாள். காசு திரும்பக் கிடைக்காதே என்று அவர் வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றேன். பதிவேட்டைப் புரட்டியவர், ஒரு கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டிருப்பதைக் காட்டிப் பேனாவை நீட்டினார். போகுமிடம்.

பாளையங்கோட்டை வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதினேன். அவர் அதையும், அதே வரியில் முன்னால் இருந்த நிரந்தர முகவரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைத்தான அக்கா நான் அப்பவே சொன்னேன்" என்றார்.