தெளிப்பானுக்குப் பக்கத்தில் இருந்த மருந்து

பூதலூருக்கு அருகே எங்கள் வீட்டில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த என் தம்பி எனக்கு முதன்முதலாக ஒயின் ஊற்றித் தந்தான். வெண்திராட்சையைப் பழுத்த பின்னும் பறிக்காமல், கொடியிலேயே சுருங்கவிட்டு எடுப்பார்களாம். கதிர் முற்றிய பின்னும் வயலில் விட்டுவைத்தால் எங்களுக்கு நெல் உதிரும். மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அவர்களுக்கோ இனிப்பு கூடுகிறது.

என் மனைவியின் கண்ணில் படாதிருக்க, பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, நெல் மூட்டை அறையில் மருந்து தெளிப்பானுக்குப் பக்கத்தில் அதை ஒளித்து வைத்திருந்தான். பொன்னிறம். நாவில் முற்றிய பலாச்சுளையின் தித்திப்பு, அதன் பின்னே மெல்லிய புளிப்பு. விழுங்கிய பிறகு மண்ணெண்ணெய் நெடி ஒன்று மூக்கில் ஏறியது. அந்தத் திராட்சையின் குணமே அதுதான் என்று சொல்லித் தம்பி தன் தம்ளரைக் காலி செய்தான்.

அப்போது வயலிலிருந்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“ஸ்ப்ரேயர் பக்கத்துல ஒரு பாட்டில்ல மருந்து இருக்கு. எடுத்து உள்ள வச்சுப் பூட்டுங்க. ஆளுங்க தண்ணி குடிக்க வர்றாங்க, யாராவது வாயில ஊத்திக்கப் போறாங்க.”

தொடர்பு அறுந்தது.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பூச்சிமருந்து. அடித்து மீந்ததை அகப்பட்ட காலிப் பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். அறைக்கு ஓடினேன். அங்கே வேறு பாட்டில் இல்லை; இருந்த ஒன்றைத்தான் தம்பி எடுத்து வந்திருந்தான். அந்த ஒயினை யாரோ குடித்துவிட்டு, மிச்சத்தோடு மருந்தை ஊற்றிவிட்டார்களோ? அதன் மூடி முன்பே திறந்ததுதான். சென்னையில் நண்பன் வீட்டில் திறந்ததாகத் தம்பி சொல்லியிருந்தான். அங்கும் இதே நெடி இருந்ததா என்று கேட்டேன்.

தம்ளரை முகர்ந்தான். “இவ்வளவு அடிக்கல, அண்ணே.”

மருந்து குடித்தவர்களை எங்கள் தெருவிலிருந்து தஞ்சாவூருக்குத் தூக்கிச் சென்றதைப் பார்த்திருக்கிறேன். வியர்வை, வாயில் நுரை, கடுகளவாய்ச் சுருங்கிய கண்மணி. தம்பியின் நெற்றி வியர்த்திருந்தது. என் நெற்றியும்தான். மனைவியை அழைத்தேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைக்க முயன்றேன். அதற்குள் அவளே அழைத்தாள். குடித்துவிட்டோம் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க தம்பி ஒளிச்சு வச்சதத்தாங்க சொன்னேன். காலையிலேயே பார்த்துட்டேன். ஆளுங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு சாராயம்னா சொல்ல முடியும்? பட்டப்பகல்ல அண்ணனும் தம்பியும் குடிச்சாச்சா?”

தம்பி சிரித்துச் சிரித்து இருமினான். மிச்சத்தையும் ஊற்றிக்கொள்ளப் போனான். பாட்டிலை அவன் கையிலிருந்து பறித்தேன். வாசலுக்கு இழுத்துவந்து, இமையை விலக்கிக் கண்மணியைப் பார்த்தேன். வெயிலில் அது சுருங்கியது. அவன் சிரிப்பு காதில் விழுந்தும் என் நெஞ்சு அடங்கவில்லை. முகத்தை நிழலுக்குத் திருப்பி, மீண்டும் விரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.